மொட்டை டயரும் ஒரு கான்கிரீட் கட்டையும்

சேலத்திலிருந்து சங்ககிரி போகும் சாலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கடந்து போகும் லாரிகளை எண்ணி மாளாது. லாரி இருக்கும் ஊரில் மொட்டை டயரும் இருக்கும். ரீட்ரேடிங் செய்து, அதாவது தேய்ந்த மேல்பகுதிக்குப் புது ரப்பர் ஒட்டி ஓட்டி, இனித் தாங்காது என்றானதும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பஞ்சர் கடை ஓரத்தில் கிடக்கும் அந்த டயர்களில் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. கொளுத்தினாலோ அதைவிட மோசம்.

பிளாஸ்டிக் குடத்தை உருக்குவது போல டயரை உருக்க முடியாது. 1839இல் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டுபிடித்தார். ரப்பரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கும் நெடுக்குமாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. சித்திரை வெயிலில் டயர் இளகாமல் ஓடுவது அந்த முடிச்சுகளால்தான். அதை உருக விடாமல் தடுப்பவையும் அவைதான். சரி, அரைக்கலாமே? அரைத்து, உள்ளே இருக்கும் கம்பித் துணுக்குகளைக் காந்தத்தால் பிரித்துவிட்டு, அந்தத் தூளை மணலோடு சேர்த்துக் கான்கிரீட்டில் போடலாம் என்பதுதான் யோசனை.

ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் டயர் தூளைத் தூவிப் பார்த்தேன். பெரும்பகுதி மிதந்தது. டயர் ரப்பர் தண்ணீரைவிடச் சுமார் 1.15 மடங்கு அடர்த்தியானது, நியாயமாக மூழ்க வேண்டும். ஆனால் அதன் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டுவதில்லை. சொரசொரப்பான ஓரங்களில் காற்றுக் குமிழிகள் பிடித்துக்கொண்டு தூளைத் தூக்கி நிறுத்துகின்றன. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டதும் தூள் இறங்கத் தொடங்கியது.

கலவைக்குள்ளும் இதேதான் நடக்கிறது. சிமெண்ட் இறுகுவது காய்ந்துபோவதால் அல்ல. தண்ணீரோடு வினைபுரிந்து நுண்ணிய படிகங்களாக வளர்ந்து, பக்கத்தில் இருக்கும் மணலையும் ஜல்லியையும் கவ்விக்கொள்வதால்தான். தண்ணீர் நெருங்காத ரப்பர் துகளைச் சுற்றி அந்தக் கவ்வல் பலவீனமாகிவிடுகிறது. துகளோடு வந்த காற்று வேறு பொத்தல்களாகத் தங்கிவிடும். போதாததற்கு, கருங்கல் ஜல்லியோடு ஒப்பிட்டால் ரப்பர் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் இளகியது. சுமை ஏறும்போது ஜல்லி தோள் கொடுக்கும், ரப்பர் நெளிந்து ஒதுங்கும். அது இருக்கும் இடம் சுமையின் கண்ணுக்கு ஓட்டை மாதிரிதான். ஓட்டையின் ஓரத்தில் இழுவை கூடும், விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜல்லி முழுவதையும் டயர் துண்டுகளாக மாற்றியபோது அமுக்கு வலிமை சுமார் 85 சதவீதம் போய்விட்டது. மணலை முழுவதும் மாற்றியபோது சுமார் 65 சதவீதம். அதனால் முழுசாக மாற்றுவது இன்று அரிது. மணலில் 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில்தான் பெரும்பாலும் முயல்கிறார்கள். இந்தச் சதவீதம் கன அளவில் என்பதை மேஸ்திரியிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீரை 1 என்று வைத்தால் மணலின் அடர்த்தி சுமார் 2.65, ரப்பருடையது 1.15. எடைக்கு எடை மாற்றினால் நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ரப்பர் உள்ளே போய்விடும்.

ஒட்டாத குறைக்கு மருந்தும் உண்டு. டயர் தயாரிக்கும்போது சேரும் துத்தநாகச் சேர்மங்களால் அதன் மேற்பரப்பில் சோப்பு போன்ற வழவழப்பு உண்டாகிறது. காஸ்டிக் சோடாக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசினால் அது கழன்று, சிமெண்ட் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் அலசிய தண்ணீரை அப்படியே சாக்கடையில் விடக் கூடாது. சிமெண்ட் பாலில் தூளை முதலில் புரட்டி எடுப்பது இன்னொரு வழி. சின்னப் பட்டறைக்கு எனக்கு அதுவே நல்லதாகப் படுகிறது.

இவ்வளவு பலவீனம் இருந்தும் ஏன் விடாமல் முயல்கிறார்கள்? ஒரே அளவில் இரண்டு கட்டைகள் வார்த்து, தண்ணீர் ஊற்றி, 28 நாள் கழித்துச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தோம். சாதாரணக் கட்டை ‘டங்’கென்று அதிர்ந்தது. நாலாவது அடியில் மூன்று துண்டாகச் சிதறி, ஒன்று என் செருப்பருகே வந்து விழுந்தது. டயர் தூள் போட்ட கட்டையில் ‘தொப்’பென்ற சத்தம்தான். அதிலும் விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. விரிசல் ஓடி வரும் வழியில் ரப்பர் குறுக்கிட்டு அதன் கூர்மையை மழுக்குகிறது. நீண்டு கொடுத்து அடியின் ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

ஆகவே எங்கே வலிமை வேண்டும், எங்கே அடி தாங்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் தூணிலும் பீமிலும் இதைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கான்கிரீட்டில் சேர்க்கும் மணல், ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383. 2016இல் திருத்தியபோது அது உலோக உலைக் கசடுக்கும் இடித்த கான்கிரீட் ஜல்லிக்கும் இடம் கொடுத்தது, டயர் தூளுக்குக் கொடுக்கவில்லை. நடைபாதை பேவர் பிளாக், சாலை நடுவே வைக்கும் தடுப்புக் கட்டை இவற்றில் முயலலாம்.

பிளாஸ்டிக்கின் கதை கொஞ்சம் வேறு. பாட்டிலை நறுக்கி மணலாகப் போட்டால் அதே ஒட்டாத தொல்லைதான். மெல்லிய இழையாகப் போட்டால் பலன் உண்டு. வார்த்த அன்றே வெயிலில் தண்ணீர் ஆவியாகித் தளம் சுருங்கும்போது வரும் மயிர்க்கோடு விரிசல்களை இழைகள் இழுத்துப் பிடிக்கின்றன. இதற்குத் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கைவிட, சாக்குப் பை செய்யும் பாலிபுரோப்பிலீன் மேல். சிமெண்டின் காரம் பாட்டில் இழையை நாளாவட்டத்தில் அரித்துவிடும், பாலிபுரோப்பிலீனை ஒன்றும் செய்யாது. தேய்மானம் அதிகமுள்ள தரையில் மட்டும் யோசிக்க வேண்டும். இழையானாலும் டயர் தூளானாலும் தேய்ந்து உதிர்ந்தால் மழையோடு ஏரிக்குத்தான் போய்ச் சேரும்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தத் திருப்பங்களின் ஓரத் தடுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டை நினைவுக்கு வருகிறது. மோதும் வண்டியைக் கல்லாக நின்று நொறுக்காமல் கொஞ்சம் நெளிந்து வாங்கிக்கொள்ளும் தடுப்பை, கம்பி கட்டி, அளவோடு டயர் தூள் சேர்த்து, முறையாக மோதவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் அடித்த கட்டை இன்னும் பட்டறை வாசலில் கிடக்கிறது. நடுவில் விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். இரண்டு கையாலும் தூக்கினால் ஒரே கட்டையாகத்தான் வருகிறது.