இறாலை விலக்குகிறோம், இறுக்கத்தை விலக்க மாட்டோமா?

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை எனது மருத்துவ அறைக்குக் கடைசியாக வந்தவர், திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் வேலை செய்யும் இருபது வயது இளைஞர். தாயார் கூட வந்திருந்தார். அன்று மாலை மட்டும் அரையில் கடி என்ற முறைப்பாட்டோடு வந்தவர்களில் அவர் நான்காவது ஆள். திரைக்குப் பின்னால் போய்த் தமது டெனிமைக் கழற்ற அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. கழற்றிய பிறகு பார்த்தால், இடுப்பைச் சுற்றிப் பட்டி அழுந்திய தடமும் தொடைகளின் பக்கவாட்டில் தையல் ஓடிய கோடும் அச்சடித்தாற்போல் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, அரையில் தொடங்கிப் பிட்டம் வரை, ஓரம் சிவந்து நடுப்பகுதி வெளிறிய வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தேசப்படம் போலப் பரவியிருந்தன. படர்தாமரைதான். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தன. அந்தக் கோடுகள் நோயினால் வந்தவையல்ல, நான்கு மாதமாகப் பூசிய கிறீமினால் வந்தவை.

நான் கேட்பதற்கு முன்பே தாயார் சொன்னார்: "நாலு மாசமா வீட்டில இறால் இல்லை, நண்டு இல்லை, சூரை மீன் இல்லை, கத்தரிக்காய்கூட வாங்கிறேல்லை டொக்டர். அப்பிடியிருந்தும் மாறுதில்லை." மகனிடம் டெனிமைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிட்டுத் தளர்வான பருத்திக் காற்சட்டை போடச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "லூசாப் போட்டா வடிவில்லை டொக்டர்" என்றார்.

இந்த இரண்டு வசனங்களையும் சொல் மாறாமல், ஆள் மாறி, கடந்த பல ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாவுக்குப் பிடித்த எல்லாவற்றையும் ஒரு குடும்பமே சேர்ந்து விட்டுவிடுகிறது. தோலை நாள் முழுவதும் அரைத்துக்கொண்டிருக்கும் உடையை மட்டும் யாரும் விடுவதில்லை. இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை குறைந்துபோனதால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில், தோலில் கடியைக் கிளப்பும் என்று நம் வீடுகளில் விலக்குகிற கிரந்திச் சாப்பாடு பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் என்னை மிகவும் வருத்துவது அதுதான். இறாலும் நண்டும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒவ்வாமை சாப்பிட்ட சில நிமிடங்களில் அல்லது ஓரிரு மணி நேரத்தில் உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும், உதடும் கண்ணிமையும் வீங்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். குளிரில் ஒழுங்காக வைக்காத சூரை மீனைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடிப்பதும் உண்மை. அது மீன் பழுதாகும்போது அதில் சேரும் ஹிஸ்டமின் என்ற பொருளினால் வருவது, அதுவும் சில மணி நேரத்தில் போய்விடும். நம் மூத்தவர்கள் இவற்றைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள், ஆகவே அவர்களுடைய எச்சரிக்கையில் ஒரு விதை உண்மை இருக்கிறது. ஆனால் நான்கு மாதமாக ஒரே இடத்தில் வளையமாகப் பரவுகிற படர்தாமரைக்கும் நீங்கள் உண்ணும் உணவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படர்தாமரையை உண்டாக்குவது பங்கசு, அதாவது பூஞ்சணம். அது வாழ்வது இரத்தத்தில் அல்ல, தோலின் மேற்பரப்பில் இறந்துபோன செல்களாலான அடுக்கில். அந்த அடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதமே அதற்கு உணவு. நீங்கள் மதியம் இறால் சாப்பிட்டீர்களா, பருப்பும் சோறும் சாப்பிட்டீர்களா என்பது அதற்குத் தெரியவே வராது. ஆகவே இரத்தத்தைச் சுத்தப்படுத்தப் பேதிக்குக் குடிப்பதும், வளரும் பிள்ளைக்கு மீனை நிறுத்துவதும் பிள்ளையைத்தான் மெலிய வைக்கும், பங்கசு ஒரு மில்லிமீற்றர்கூடப் பின்வாங்காது. தயவுசெய்து அந்தத் தாயார் இன்றைக்கே இறால் வாங்கிச் சமைக்கட்டும்.

பங்கசுக்கு வேண்டியவை சூடும் ஈரமும் உராய்வுமே. திருகோணமலையில் முதல் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கச்சான் வீசும் மாதங்களில் மத்தியானம் மத்திய வீதியில் நூறு அடி நடந்தாலே முதுகு நனைந்துவிடும், வாடை மழைக் காலத்திலோ துவைத்த உடுப்பு மூன்று நாளானாலும் சரியாகக் காய்வதில்லை. மூன்றாவதை நாம் பணம் கொடுத்து வாங்கி அணிகிறோம். துணிக்கடைக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்திருக்கலாம். பருத்தி நூல் தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும், பொலியெஸ்டர் ஏற்பது 0.4 சதவீதம்தான். தோலோடு ஒட்டிய பொலியெஸ்டர் துணிக்குள் வியர்வை போக இடமில்லாமல் அப்படியே நிற்கும். டெனிம் பருத்திதானே என்று சிலர் கேட்பதுண்டு. 1873ஆம் ஆண்டில் லீவை ஸ்ட்ராவுசும் ஜேக்கப் டேவிசும் செப்பு ஆணி அடித்த காற்சட்டைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றபோது, அது கூலி வேலை செய்பவர்கள் குனிந்து நிமிரத் தோதாகத் தைத்த உடையாக இருந்தது. 1958இல் உருவாக்கப்பட்ட, இழுபடும் தன்மையுள்ள எலாஸ்டேன் என்ற நாரை அதோடு கலந்த பிறகுதான் டெனிமைக் காலுறை போலக் காலோடு ஒட்டித் தைக்க முடிந்தது. அத்தோடு டெனிம் தடித்த துணி. வியர்வையைக் குடிக்கும், ஆனால் விடாது. அதை ஐந்து நாள் துவைக்காமல் போடுவதுதான் நாகரிகம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நாள் வியர்வையையும் பங்கசையும் திரும்பத் திரும்ப உடுத்துக்கொள்வதில் என்ன நாகரிகம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

வடிவைப் பற்றியும் சொல்கிறேன். அது வைத்தியரின் வேலையல்ல என்று சிலர் நினைக்கலாம். ஆனால் "வடிவில்லை" என்ற ஒரு சொல்லுக்காகவே என் அறிவுரைகள் வாசலோடு நின்றுவிடுகின்றன என்பதால், எனக்கும் அதில் ஒரு அபிப்பிராயம் இருக்க இடமுண்டு. என் அண்ணர் எழுபதுகளில் பெல்பொட்டம் போட்டு நின்ற படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இரண்டு சேலைத் தலைப்பைக் கட்டிவிட்டதுபோல் விரிந்த அந்தக் காற்சட்டைதான் அன்றைக்கு வடிவு. பிறகு அது கேலிக்குரியதாயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் காலோடு ஒட்டியது வடிவாக இருந்தது. இப்போது தொளதொளக் காற்சட்டைகள் மறுபடியும் கடை வாசல்களில் தொங்கத் தொடங்கிவிட்டன. கண்ணுக்கு எது வடிவு என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை யாரோ மாற்றி வைக்கிறார்கள், அரையின் தோலோ எந்தக் காலத்திலும் ஒன்றையே கேட்கிறது. மாலை நேரத்தில் கடற்கரையில் நடப்பவர்களை நான் பார்ப்பதுண்டு. இருந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் காற்சட்டையைப் பின்பக்கம் இழுத்துவிடுகிற, நடக்கும்போது தொடையிடுக்கை யாரும் பார்க்காதபோது சரிசெய்கிற பிள்ளைகளின் முகத்தில் ஒரு சங்கடம் ஓடிக்கொண்டே இருக்கும். அதே கரையில் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை மடித்துக் கட்டி வலை தட்டுகிற மனிதர் தம் உடையை ஒரு தடவையும் தொடுவதில்லை. அணிந்தவர் தம் உடையை மறந்து நிற்கும்போதுதான் என் கண்ணுக்கு அவர் வடிவாகத் தெரிகிறார். சாரமோ, அபாயாவோ, சேலையோ, டெனிமோ, எதுவானாலும் இதையே சொல்வேன்.

இறுக்கம் தோலோடு நிற்பதுமில்லை. சீனக்குடாப் பக்கத்திலிருந்து வந்த நாற்பது வயதைத் தாண்டிய உத்தியோகத்தர் ஒருவர், இடது தொடையின் வெளிப்பக்கம் விறைத்து, எரிந்து, எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதென்றும், பாரிசவாதம் தொடங்கிவிட்டதென்று வீட்டில் அழுகிறார்கள் என்றும் சொன்னார். காலில் பலம் குறையவில்லை, நடையில் பிழையில்லை. தொப்பைக்குக் கீழே இறக்கி, கடைசித் துளையில் மாட்டியிருந்த இடுப்புப் பட்டிதான் பிழை. தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகில் கவட்டு நாரின் கீழாகப் போகிறது, அங்கே அழுத்தினால் இப்படித்தான் விறைக்கும். பட்டியைத் தளர்த்தி, எடையையும் சிறிது குறைத்த பிறகு, இரண்டு மாதத்தில் அவருக்கு விறைப்பு நீங்கிவிட்டது. இதைவிடக் கடுமையானதும் நடந்திருக்கிறது. 2015இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகர வைத்தியர்கள் வெளியிட்ட குறிப்பில், இறுக்கமான ஜீன்சோடு பல மணி நேரம் குந்தியிருந்து வீடு மாற்ற உதவிய 35 வயதுப் பெண் ஒருவர், கால்கள் மரத்து வீதியில் விழுந்தார் என்றும், வீங்கிய கால்களிலிருந்து ஜீன்சை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். நாள்கணக்கில் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. நான் இங்கு அப்படி ஒன்றைக் கண்டதில்லை, காணவும் விரும்பவில்லை.

பிள்ளைகளை மட்டும் கடிந்துகொள்வது நியாயமில்லை. சேலை உடுக்கும் சகோதரிகள் பலருக்கு இடுப்பைச் சுற்றிக் கறுத்து, தடித்து, சில இடங்களில் வெடித்த ஒரு வளையம் இருக்கிறது. உள்பாவாடை நாடாவை முப்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கி முடிந்ததன் அடையாளம் அது. சேலை நழுவினால் மானம் போய்விடும் என்ற பயத்தில்தான் இறுக்குகிறார்கள், அது எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அந்த இடத்தில் ஆறாத புண் வந்து, அது புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024இல் இந்திய வைத்தியர்கள் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். இது மிக அரிது, பயப்பட வேண்டாம். மெல்லிய நாடாவுக்குப் பதிலாக நான்கு விரல் அகலத்தில் பட்டி வைத்துத் தையுங்கள், முடிச்சின் இடத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணை மட்டும் மஞ்சள் பூசி மறைக்காமல் காட்டுங்கள்.

தொப்புளுக்குக் கீழே ஒரு காசளவில் மட்டும் ஓயாமல் கடிக்கிறதென்றால், உங்கள் டெனிமின் உலோகப் பொத்தானைப் பாருங்கள், அதிலுள்ள நிக்கல்தான் காரணமாக இருக்கும். பொத்தானுக்குப் பின்னால் துணி வைத்துத் தைத்தால் போதும். பிள்ளை பெற்ற சில வாரத்திலேயே வயிற்றைச் சுருக்கும் பட்டியை இணையத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு, நெஞ்செரிவென்று வருகிற தாய்மாரிடம், அதைக் கழற்றி வையுங்கள் என்பதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. திருமணமாகிக் குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: 656 ஆண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், தளர்வான உள்ளாடை அணிந்தவர்களின் விந்தணுச் செறிவு மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. உங்கள் மனைவியை மட்டும் கிளினிக் கிளினிக்காக அலைய விடுவதற்கு முன் இதையும் கவனியுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. இரவு உடுப்பைக் கழற்றும்போது உங்கள் இடுப்பையும் தொடையையும் பாருங்கள், தடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையவில்லையென்றால் அந்த உடை உங்களுக்குச் சிறிது. வாங்கும்போது நின்று மட்டும் பார்க்காமல், அணிந்து பார்க்கும் அறையில் ஒரு தடவை குந்தி எழும்புங்கள். வேலைத்தலத்தில் கட்டாய உடை என்றால், வீட்டுக்கு வந்த கையோடு கழற்றிக் குளித்து, அரையை நன்றாகத் துடைத்துவிட்டுச் சாரமோ பாவாடையோ உடுங்கள். ஒருவர் துவாயை மற்றவர் பாவிக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை வந்தால் மற்றவர்களையும் பார்க்க வேண்டும், அவருடைய உடுப்புகளைச் சுடுநீரில் தனியாகத் துவைத்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி வெயிலில் போட வேண்டும். உள்ளாடை ஈரம் காயாமல் இருந்தால் அணியவே கூடாது, மழைக் காலமானாலும் சரி.

தாய் தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் அரையில் வரும் நோயை வெட்கத்தினால் மறைக்கிறார்கள். கண்டுபிடித்ததும் "இந்தக் கோலத்தில் திரிந்தால் இப்படித்தான் வரும்" என்று என் முன்னால் வைத்தே ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் அவர்கள் எனக்கு முன் பாமசிக்குப் போகிறார்கள்.

பாமசியில் அவர்கள் கேட்டு வாங்குவது பங்கசு மருந்தும் அந்திபயோட்டிக்கும் வலுவான ஸ்டீரொயிட்டும் கலந்த குழாய்களை. ஸ்டீரொயிட் இரண்டே நாளில் கடியை அடக்கும், சிவப்பைக் குறைக்கும். சுகமாகிவிட்டதென்று நிறுத்துவார்கள், பத்து நாளில் முன்னையதைவிடப் பெரிதாக வரும், மறுபடியும் பூசுவார்கள். இடையில் பங்கசு தன் வளைய உருவத்தையே மாற்றிக்கொண்டு, அனுபவமுள்ள கண்ணையும் ஏமாற்றிவிடும். தொடை இடுக்கில் ஸ்டீரொயிட்டினால் விழுந்த அந்த ஊதாக் கோடுகள் நிறம் மங்குமே தவிர முழுவதும் போகாது. இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 2020இல் ட்ரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்று பெயரிடப்பட்ட ஒரு பங்கசு தென்னாசியாவில் பரவியிருக்கிறது. முன்பு இரண்டு மூன்று வாரத்தில் வேலை செய்த டெர்பினபின் மருந்துக்கு அது பல நேரங்களில் பணிவதில்லை, வேறு மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்த இளைஞருக்கும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். விடுதி முகாமையாளரிடம் காட்டித் தளர்வான காற்சட்டை கேட்பதற்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினேன்.

ஆகவே கடி தொடங்கிய முதல் வாரத்திலேயே வாருங்கள், எதையும் பூசாமல் வாருங்கள். ஏற்கெனவே பூசிவிட்டீர்களென்றால், வெட்கப்படாமல் அந்தக் குழாயையும் கையோடு எடுத்து வாருங்கள்.