20,000 வோல்ட்டும் கொஞ்சம் உப்பும்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் 1969-ஆம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் வேன் இருக்கிறது. டைப் 2 வகை, 1600 சி.சி., இன்ஜின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, காற்றேதான் குளிர்விக்கிறது. அவருக்கு மூன்று தொந்தரவுகள். மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் வண்டி எழுவதே இல்லை. வெயில் ஏறியதும் சமர்த்தாகக் கிளம்பிவிடுகிறது. பேட்டரி புதிதுதான், ஆனாலும் செல்ஃப் மோட்டார் சில நாள் முனகுகிறது. மூன்றாவதுதான் அவரை ரொம்பவும் படுத்துவது. குடும்பத்தோடு தனுஷ்கோடி போகிறார், அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்துகிறார், வெளியே மணல் கொதிப்பதால் எல்லோரும் உள்ளேயே பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிளம்பும்போது இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துப் பிடிக்கிறது. “மெக்கானிக் கார்புரேட்டர் என்கிறார், பெரியம்மா கண்ணேறு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

கார்புரேட்டர் பாவம், அதை விட்டுவிடுவோம். பெரியம்மாவிடம் பிறகு வருகிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் பள்ளியிலேயே படித்ததுதான்: உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று. இதில் ‘எரி’ என்ற கட்டளையைக் கொடுப்பது ஸ்பார்க் பிளக். அதன் முனையில் இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட மின்சாரத்துக்கு சுமார் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் நெருக்கி அழுத்தப்பட்டிருப்பதால் 10,000 வோல்ட், சில நேரம் அதற்கு மேலும் தேவைப்படும். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்க்கும்போது வருகிற பொறி உள்ளே வராமல் போவது இதனால்தான். நம்மிடம் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி.

இனி நான் கொஞ்சம் நிதானமாகப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்த 12 வோல்ட்டைப் பல ஆயிரமாக ஏற்றித் தருவது இக்னிஷன் காயில். அதற்குள் ஓர் இரும்புக் கரு இருக்கிறது. அதன்மேல் தடித்த கம்பி சில நூறு சுற்று, தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்று. பேட்டரி மின்சாரம் தடித்த சுற்றின் வழியே போய், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறியைப் பிரித்துக்கொடுப்பது அது) திறந்து மூடும் பாயிண்ட் வழியாக எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடம்பில், சேர்கிறது. பட்டறையில் பிளாட்டினம் என்பார்களே, அதே பாயிண்ட்தான். அது மூடியிருக்கும்போது சுமார் 4 ஆம்பியர் ஓடும். இரும்பைச் சுற்றிக் காந்தப்புலம் எழும்பி நிற்கும். பிளக்கில் அப்போது ஒன்றுமே நடக்காது.

பாயிண்ட் சேரும்போது பொறி வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொறி வருவது அது பிரியும்போது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் குழாயின் வாயைச் சட்டென்று அடைத்தால் உள்ளே வேகமாக வந்த தண்ணீர் ‘டொம்’ என்று முட்டும் அல்லவா, அப்படித்தான் இங்கும். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் அறுபடும்போது காந்தப்புலம் சரிகிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் தூண்டப்படும். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த விதி. தடித்த சுற்றிலேயே 200, 300 வோல்ட் எழும்பிவிடும். மெல்லிய சுற்றில் அதன் நூறு மடங்கு: 20,000 வோல்ட்டுக்கும் மேல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாயிண்ட் பிரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் அதன் இடைவெளி ஒரு தாளின் தடிமன்கூட இராது. 200 வோல்ட் அதை அலட்சியமாகத் தாண்டும். அப்படித் தாண்டினால் மின்னோட்டம் அறுபடுவதில்லை. பிளக்கில் வர வேண்டிய பொறி பாயிண்டிலேயே வெடித்து அதைக் கருக்கிவிடும். அதைத் தடுப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் தோளில் ஒட்டியிருக்கும் சுண்டுவிரல் அளவு கன்டென்சர். சுமார் 0.2 மைக்ரோஃபாரட். பாயிண்ட் விலகும் நேரத்தில் வருகிற மின்சாரத்தை அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அது நிரம்புவதற்குள் இடைவெளி போதுமான அளவு அகன்றுவிடும். காயிலின் மூதாதையான தூண்டல் சுருளை 1836-இல் செய்தவர் நிக்கோலஸ் காலன் என்ற அயர்லாந்துப் பாதிரியார். அதோடு கன்டென்சரைச் சேர்க்கலாம் என்று 1853-இல் சொன்னவர் ஒளியின் வேகத்தை அளந்த ஃபிஸோ. அந்த இரண்டையும் தேவிபட்டினத்து வேன் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு நூறு பொறி வேண்டும். அதாவது ஒரு பொறிக்குக் கிடைப்பது 10 மில்லிநொடி, அதில் பாயிண்ட் மூடியிருப்பது பாதிக்குச் சற்று மேல். பாயிண்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இடைவெளி அதிகமானால் மூடியிருக்கும் நேரம் குறையும், காயிலில் காந்தம் முழுதாக ஏறாது, வேகம் எடுக்கும்போது வண்டி திக்கும். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் துண்டு தேய்ந்து இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும், வண்டி இழுக்காது.

இப்போது நம் கடற்கரையை இதற்குள் கொண்டுவருவோம். உப்பு இந்த அமைப்பை இரண்டு இடங்களில் தாக்குகிறது, ஒன்றுக்கொன்று நேர்மாறாக. 20,000 வோல்ட் பக்கத்தில், வழி இருக்கக் கூடாத இடத்தில் வழி போடுகிறது. 12 வோல்ட் பக்கத்தில், இருக்க வேண்டிய வழியை அடைக்கிறது.

விடிகாலைத் தொந்தரவு முதல் வகை. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி ஏறினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பு அப்படிச் சுத்தமானதல்ல, அதில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே நீர்க்கத் தொடங்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரியபின் பாத்தியில் தங்குகிற கசப்பு நீர் எளிதில் காயாது, காரணம் அந்த மெக்னீசியம்தான். காற்றுக் குளிர்வி இன்ஜின் என்றால் விசிறி ஓயாமல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு வரும் உப்பு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயர்களிலும் மெல்லிய படலமாகப் படியும். இரவுப் பனியில் படலம் நனைந்ததும் 20,000 வோல்ட்டுக்குப் பிளக்கைவிடச் சுலபமான பாதை கிடைத்துவிடுகிறது. வெயில் வந்தால் படலம் காய்கிறது, வண்டி எழுகிறது.

சோதிப்பது எளிது. இருட்டில் இன்ஜின் மூடியைத் திறந்துவைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வயர்மேல் நீலமாக ஏதாவது ஊர்ந்தால் கசிவு அங்கேதான். மூடியைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். கேன் தண்ணீரில் கழுவுங்கள்; நம் பக்கத்து போர் தண்ணீரில் கழுவினால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். உட்புறம் முடிபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் அது கரிந்த பாதை, கழுவிப் போகாது. புது மூடிதான்.

செல்ஃப் முனகுவது இரண்டாவது வகை. இந்த வேனில் கியர்பாக்ஸ் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் போட்ட ஓர் எர்த் பட்டை உண்டு. செல்ஃபுக்குப் போகும் 150 ஆம்பியரோ என்னவோ, அத்தனையும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதன் முனையில் பச்சைக் களிம்பு ஏறி நூறில் ஒரு ஓம் தடை வந்தாலும் போதும், ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். மின்சாரம் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுட்டுவிடுவதும் உண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி இரு முனையையும் பளிச்சென்று தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பேட்டரி மேல் பழி போடுவது அதற்கப்புறம்.

அரிப்பு என்பது நம் மாவட்டத்துக்கு அன்றாட விஷயம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அதனோடுதான் காலம் தள்ளியது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மண்டபத்தில் அதன் கிளையும் உண்டு, கடல் காற்றில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைத்தட்டலும் பணமும் துரு ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை. அங்கே தெரிந்த விஷயங்களில் பத்துப் பக்கத்தைத் தமிழில் அச்சடித்து, ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை இருக்கும் பட்டறைகளுக்கும் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர்களுக்கும் கொடுத்தால் ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் மதியச் சாப்பாட்டுக்குக்கூட வராது.

சரி, அரிச்சல்முனை. வாசகரின் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது ‘பாட்டு’. பல பழைய வண்டிகளில் ரேடியோ இக்னிஷன் சாவியோடு இணைந்திருக்கும். பாட்டு வேண்டுமானால் சாவியைத் திருப்பியே வைக்க வேண்டும். இன்ஜின் நின்ற இடத்தில் பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாக 4 ஆம்பியர் நிற்காமல் ஓடும். 12 வோல்ட், 4 ஆம்பியர், ஆக 48 வாட் வெப்பம், ஏற்கெனவே சூடாக இருக்கும் இன்ஜின் அறைக்குள், விசிறியும் சுற்றாத நேரத்தில். உள்ளே வயதான இணைப்பு ஒன்று விரிந்து விலகும் அல்லது காப்புப் பூச்சு நெகிழும், பொறி போய்விடும். ஆறினால் மறுபடி சேரும்.

ஊகத்தை உறுதி செய்ய, வண்டி மக்கர் பண்ணும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும், ஆறவிட்டால் தடயம் போய்விடும். ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் போதும். காயிலில் 15 என்று பொறித்த முனையில் வைத்தால் எரிய வேண்டும். 1 என்ற முனையில் வைத்து செல்ஃப் அடித்தால் மினுக்க வேண்டும். 15-இல் எரிந்து 1-இல் எரியவே இல்லையென்றால் காயில் உள்ளே அறுந்திருக்கலாம், அல்லது பாயிண்டோ கன்டென்சரோ எர்த் ஆகியிருக்கலாம். காயிலின் 1-ஆம் முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்; அப்போதும் எரியாவிட்டால் காயில்தான். இரண்டிலும் சரியாக இருந்து பொறி மட்டும் வரவில்லை என்றால் மெல்லிய சுற்றையும் கன்டென்சரையும் சந்தேகப்படுங்கள்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலுமிச்சம்பழம் வாங்க ஆள் போய், வண்டியைச் சுற்றித் திருஷ்டி கழித்து, டயருக்கடியில் வைத்து நசுக்கி முடிக்கும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். காயில் ஆறியிருக்கும், வண்டி கிளம்பியிருக்கும். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஒருநாள் பழம் இல்லாமல் அதே நேரம் காத்திருந்து பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும், ஆனால் பிள்ளைகள் வெயிலில் தவிக்கும்போது யார் அப்படிச் சோதனை செய்வார்கள்? எனக்குக் கோபமெல்லாம் அதே காரியத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு தகடு எழுதித் தருகிறவர்கள் மேல்தான்.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். போடலாம், தேய்மானத் தொல்லை போகும். எர்த் பட்டையைச் சரிசெய்யாமல் போட்டால் மட்டும் பணம் தண்டம்.

அவர் கேட்காத ஒன்று. டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சார்ஜ் விளக்கு இருக்கிறது. அதன் ஒரு முனை பேட்டரியின் பக்கம், மறுமுனை டைனமோவின் பக்கம். இரண்டிலும் மின்னழுத்தம் சமமாக இருக்கும்வரை எரியாது. சில வண்டிகளில் அது எரிந்தால் ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இந்த இன்ஜினில் குளிர்விக்கும் விசிறி டைனமோவின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது, இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், குளிர்ச்சியும் போகும். ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் பாம்பன் பாலத்தின் நடுவே இருந்தாலும் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சாவியைத் திருப்பியவுடன், இன்ஜின் ஓடுவதற்கு முன், அது ஒருமுறை எரிகிறதா என்று தினமும் பாருங்கள். எரியவில்லை என்றால் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பல்பைத்தான். காயில் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம்.