நாலு சில்லும் சுத்தும், ஆனால் நிற்குமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபது வருடத்துக்கு மேலாக வாகனம் திருத்துகிறேன். கார்த்திகை பிறந்தால் கராஜில் தொலைபேசி ஓயாது. அதில் பாதிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, ஸ்னோவுக்கு எந்தக் கார் நல்லம்?"

போன மாசியில் ஒருவர் தன் புது எஸ்.யூ.வி.யை ரோ ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் பிறேக் பிடித்திருக்கிறார். வண்டி வளையாமல் நேரே போய்க் கரைத்தடுப்பில் இடித்துவிட்டது. "ஓல் வீல் ட்ரைவ் அண்ணை, இது எப்படி வழுக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் குனிந்து ரயரைப் பார்த்தேன். ஓல் சீசன், எல்லாக் காலத்துக்கும் ஒன்றே என்று விற்கிற ரயர். பெருவிரல் நகத்தால் அமத்தினேன். சிரட்டை மாதிரி இருந்தது. பக்கத்தில் கிடந்த வின்ரர் ரயரை அமத்திப் பார்க்கச் சொன்னேன். நகம் இறங்கியது. பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஓல் வீல் ட்ரைவ் செய்வது ஒரு வேலைதான்: என்ஜினின் இழுவையை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும். ஸ்னோ வழிக்கிற வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போன மேட்டைத் தாண்ட, ஏற்றத்தில் நின்று எடுக்க, அது கெட்டிக்காரன். பிறேக் பிடிக்கும்போது அதற்கு வேலையில்லை. பழைய கொரோலாவென்றாலும் நாலு சில்லிலும் பிறேக் இருக்கிறதே! இன்னொரு வில்லங்கமும் உண்டு. கொரோலாக்காரருக்கு வாசலிலேயே சில்லு சுத்தி, இன்றைக்கு றோட்டு சரியில்லை என்று தெரிந்துவிடும். எஸ்.யூ.வி.காரருக்கு அது முதல் பிறேக்கில்தான் தெரியவரும்.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் ஓல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயர் மெத்தென்றே இருக்கும். அதில் கத்தியால் கீறினதுபோல இருக்கும் மெல்லிய வெட்டுகள்தான் ஸ்னோவைக் கவ்வுகின்றன. வாங்கும்போது ரயரின் பக்கச்சுவரில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் பனித்துகளும் இருக்கிற அடையாளத்தைத் தேடுங்கள். 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் ஸ்னோவும்) என்று மட்டும் இருந்தால் போதாது.

சரி, கார்களுக்கு வருவோம். கொரோலா, சிவிக் போன்றவற்றில் என்ஜினின் பாரம் இழுக்கிற முன்சில்லுகளுக்கு மேலேயே இருக்கிறது. நாலு வின்ரர் ரயர் போட்டால் ரொறன்ரோ நகர ஓட்டத்துக்குத் தாராளம். குறை, வயிறு தாழ்வு. தரையிலிருந்து 13 செ.மீ. அளவில்தான் இருக்கும், வழிக்காத ஒழுங்கையில் வயிறு ஸ்னோவில் ஏறிக் குந்திவிடும். சுபாரு ஃபொரஸ்ரரில் அது 22 செ.மீ. பின்சில்லு இழுக்கிற கார்களில் வால் விசிறும், அதிலும் பின்பெட்டி வெறுமையான பிக்கப் மோசம். மின்சாரக் கார் அமைதியாக எடுக்கும், ஆனால் கால் எடுத்ததும் மோட்டாரே பிறேக் பிடிக்கும். ஐஸில் அதுவே வழுக்கப் போதும். அந்தப் பிடியைக் குறைக்க உங்கள் காரில் வசதியிருந்தால் வழுக்கல் நாளில் குறைத்துவிடுங்கள்.

"முன்னுக்கு ரெண்டு மட்டும் போடுங்கோ அண்ணை, மற்றது அடுத்த வருசம்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் போடுவதில்லை, கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. முன்சில்லு பிடிக்கும், பின்சில்லு பிடிக்காது; வளைவில் கால் எடுத்தால் கார் பின்பக்கமாகச் சுழன்றுவிடும்.

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை; ஆனால் 2016 முதல் வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தரவேண்டும். நீங்கள் கேட்டால்தான் பல நிறுவனங்கள் தரும்.

புதைந்து நின்றால் ஒரு விஷயம். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் பொத்தானைக் கொஞ்சநேரம் நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி எடுங்கள். வெளியே வந்ததும் திரும்பப் போடுங்கள்.

அந்த எஸ்.யூ.வி.காரர் இந்தமுறை ஐப்பசி முடிய முதலே வந்துவிட்டார். மனைவியின் சிவிக்கையும் சேர்த்து எட்டு ரயர்.