‘தென்னாப்பிரிக்கா’ என்று ஆட யாருக்கு உரிமை?

1960களின் தொடக்கத்தில் இங்கே தென்னாப்பிரிக்காவில் இருந்த வெள்ளையர் கால்பந்துச் சங்கம் ஃபிஃபாவிடம் ஒரு யோசனை சொன்னது. 1966 உலகக் கோப்பைக்கு முழுக்க வெள்ளையர் அணி, 1970க்கு முழுக்கக் கறுப்பர் அணி. இரண்டுக்கும் பெயர் தென்னாப்பிரிக்காதான். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அப்படி ஒரு யோசனையைச் சொல்லும் இடத்தில் அந்தச் சங்கம் இருந்தது. அந்த இடத்தை அதற்குக் கொடுத்தது யார் என்று பார்த்தால், ‘தேசிய அணி’ என்ற ஏற்பாடே புரிந்துவிடும்.

பெரும்பாலான நாடுகளில் தேசிய அணியை அரசாங்கம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் உலக அளவில் ஒரு தலைமை அமைப்பு உண்டு. கால்பந்துக்கு ஃபிஃபா, கிரிக்கெட்டுக்கு ஐசிசி, ரக்பிக்கு வேர்ல்ட் ரக்பி. அது ஒரு நாட்டிலோ பகுதியிலோ ஒரே ஒரு சங்கத்தைத்தான் உறுப்பினராக ஏற்கும். அந்தச் சங்கம் யாரைக் களத்தில் இறக்குகிறதோ அவர்களே தேசிய அணி. ஊரே சேர்ந்து வடம் பிடித்தாலும், தேர் எப்போது கிளம்ப வேண்டும் என்பதைக் கோயில் கமிட்டிதானே சொல்கிறது? அந்தக் கணக்குதான்.

ஐ.நா.வில் 193 நாடுகள். ஃபிஃபாவில் 211 சங்கங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், ஹாங்காங், ஃபாரோ தீவுகள் எல்லாம் தனி நாடுகள் இல்லை, ஆனால் கால்பந்தில் தனி அணிகள். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கால்பந்தில் ஸ்காட்லாந்து, ஒலிம்பிக்கில் பிரிட்டன். ‘மேற்கிந்தியத் தீவுகள்’ என்று ஒரு நாடே கிடையாது. பல கரீபியன் தீவுகளோடு தென்னமெரிக்கக் கரையில் இருக்கும் கயானாவும் சேர்ந்த கிரிக்கெட் அணி அது. அயர்லாந்தின் ரக்பி அணியில் அயர்லாந்துக் குடியரசுக்காரரும் பிரிட்டனுக்குக் கீழ் இருக்கும் வடக்கு அயர்லாந்துக்காரரும் ஒன்றாக ஆடுகிறார்கள். தைவான் ஒலிம்பிக்குக்கு வரும்போது ‘சைனீஸ் தைபே’ ஆகிவிடுகிறது. 1981இல் ஒலிம்பிக் கமிட்டியுடன் செய்த உடன்பாடு அது.

எங்கள் நாட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாடு பிறக்கும் முன்பே அணி பிறந்துவிட்டது. தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானது 1910இல். ஆனால் 1889லேயே போர்ட் எலிசபெத்தில் ‘தென்னாப்பிரிக்கா’ இங்கிலாந்துடன் கிரிக்கெட் டெஸ்ட் ஆடியதாகப் பதிவு இருக்கிறது. 1906இல் பால் ரூஸ் தலைமையில் ஒரு ரக்பி அணி பிரிட்டனுக்குக் கப்பலேறியது. ஆங்கிலேயருக்கும் டச்சு வழி வந்த ஆப்பிரிக்கானருக்கும் நடந்த போயர் போர் முடிந்து நான்கே ஆண்டுகள். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயரும் ஆப்பிரிக்கானரும் ஒரே அணியில். முந்தைய ஆண்டு வந்த நியூசிலாந்து அணிக்கு ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயர் பத்திரிகைகள் வழியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நமக்கும் லண்டன் பத்திரிகைக்காரர்கள் கண்டபடி ஏதாவது பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயந்து, ரூஸும் அணி நிர்வாகியும் முந்திக்கொண்டு ‘ஸ்பிரிங்பாக்’ என்று தாங்களே சொல்லிவிட்டார்கள். புல்வெளியில் துள்ளி ஓடும் மான் அது. அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது: இரண்டு ஆண்டு கழித்துப் போன ஆஸ்திரேலியர்களுக்கு அங்கே ‘முயல்கள்’ என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். அவர்கள் ஓட்டுப் போட்டு ‘வாலபீஸ்’ ஆகித் தப்பித்தார்கள்.

சரி, அந்த மான் யாருடையது? பல பத்தாண்டுகள் அது வெள்ளையருக்கு மட்டும். நிறவெறி ஆட்சியில் கலப்பினத்தார் ரக்பி அணிக்கு இங்குள்ள புரோட்டியா பூவை வைத்து ‘புரோட்டியாஸ்’ என்று தனிப் பெயர், கறுப்பர் அணிக்கு ‘லெப்பர்ட்ஸ்’ என்று தனிப் பெயர். மற்றவர்களுக்கு என்று ஒதுக்கிய அந்தப் பூவின் பெயர்தான் இன்று கிரிக்கெட் அணியின் பெயர். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இங்குள்ள இந்தியர்கள் 1900களின் தொடக்கத்திலிருந்தே சாம் சைனா கோப்பைக்காகத் தங்களுக்குள் கால்பந்து ஆடியவர்கள். 1951இல் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் சங்கங்கள் சேர்ந்து ஒரே கூட்டமைப்பு ஆயின. ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கூட்டமைப்பின் பக்கம். ஃபிஃபாவின் உறுப்பினர் அட்டை மட்டும் வெள்ளையர் சங்கத்தின் பக்கம். எனவே சண்டை மைதானத்தில் இல்லை, அட்டையில்தான். 1961இல் வெள்ளையர் சங்கம் இடைநீக்கம். 1963இல் அது திரும்பச் சேர்ப்பு. 1964இல் டோக்கியோவில் ஆப்பிரிக்க நாடுகளின் ஓட்டு கூடியதும் மறுபடி இடைநீக்கம். 1976இல் ஒரேயடியாக வெளியேற்றம். இன பேதமற்ற விளையாட்டுக்காக 1973இல் உருவான சேகாஸ் அமைப்பின் செயலாளர்களில் ஒருவர் டர்பனின் எம்.என். பாதர். ‘இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது’ என்பது அவர்கள் முழக்கம். டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி லண்டனில் இருந்துகொண்டு, நிறவெறி விளையாட்டைப் புறக்கணிக்கும் இயக்கத்தை நடத்தினார். 1991இல் தென்னாப்பிரிக்காவின் புதிய ஒலிம்பிக் கமிட்டியின் தலைவரானார்.

பார்வையாளர்களும் தங்கள் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். வெள்ளையர் அல்லாதவர்கள் தனிக் கூண்டு போன்ற பகுதியில் உட்கார்ந்து, ஸ்பிரிங்பாக்ஸை எதிர்த்து ஆடும் எந்த அணிக்கும் கை தட்டுவது அன்று சகஜம். 1992 நவம்பரில் டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தில் இந்தியா டெஸ்ட் ஆடியபோதும், இங்கிருந்த இந்தியர்களில் பலர் கை தட்டியது பிரவீண் ஆம்ரேயின் சதத்துக்குத்தான்.

அதே ஆண்டு ஜூலை 7, டர்பன் கிங்ஸ் பார்க். தடை நீங்கியபின் கால்பந்தின் முதல் ஆட்டம், கேமரூனுடன். டாக்டர் குமாலோ (படித்து வாங்கிய பட்டம் இல்லை, எல்லோரும் கூப்பிடும் பெயர்) பெனால்டியில் அடித்த கோலில் 1–0. பையன்களே, பையன்களே என்று செல்லமாகக் கூப்பிடும் ‘பஃபானா பஃபானா’வை அப்போது கிளப்பிவிட்டவர்கள் சோவெட்டன் பத்திரிகைக்காரர்கள். ஊரே அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. கால்பந்துச் சங்கம் அதைப் பதிவு செய்யாமல் சும்மா இருந்தது. ஒரு துணிக் கம்பெனி முந்திக்கொண்டது. வழக்கு 2002இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், சங்கம் தோற்றது. தன் அணியின் பெயரைச் சட்டையில் போட்டு விற்கும் உரிமையை 2011இல் பணம் கொடுத்துத்தான் வாங்க முடிந்தது.

யார் ஆடலாம் என்பது வேறு கணக்கு. ஒலிம்பிக்குக்கும் கால்பந்துக்கும் குடியுரிமை கட்டாயம். ரக்பிக்கு அது வேண்டாம்: அங்கே பிறந்திருக்கலாம், பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்கலாம், அல்லது தொடர்ந்து 60 மாதம் அங்கே வாழ்ந்திருக்கலாம். கிரிக்கெட்டிலும் பிறப்பு, குடியுரிமை, குடியிருப்பு ஆகியவற்றில் ஒன்று போதும். அதனால்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்த கெவின் பீட்டர்சன் அம்மா வழியில் இங்கிலாந்துக்குப் போனார், லாகூரில் பிறந்த இம்ரான் தாஹிர் இங்கே வந்து புரோட்டியாஸுக்குப் பந்து போட்டார்.

டர்பன் பையன் செனுரன் முத்துசாமிக்கு நாகப்பட்டினத்துப் பூர்வீகம். 2019இல் விசாகப்பட்டினத்தில் தன் முதல் டெஸ்டில் அவர் எடுத்த முதல் விக்கெட் விராட் கோலி. பூர்வீகத்தை வைத்து அவர் இந்தியாவுக்கு ஆடியிருக்க முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. இந்திய அணிக்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். ரக்பியின் தாராளமான விதிகூட தாத்தா பாட்டியோடு நின்றுவிடுகிறது. எங்கள் பூர்வீகக் கணக்கோ அதைவிட வெகு பின்னால் போகிறது: மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16.