பிடிமண் எங்கிருந்து வந்தது?

களப்பணிக்கு வரும் மாணவர்கள் கோயிலில் முதலில் கேட்பது "சாமிக்கு என்ன கதை?" என்றுதான். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கேட்டேன். பூசாரி ஒரு கதை சொல்வார், ஊர்ப் பெரியவர் வேறொன்று சொல்வார். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில்களைப் பல வருடமாக ஆவணப்படுத்திய பிறகு, இப்போது என் முதல் கேள்வி இது: "பிடிமண் எங்கேயிருந்து எடுத்தாந்தீங்க?"

பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள் தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து புது ஊரில் சாமியை நிறுத்துவார்கள். அந்த மண்ணைப் பற்றிக் கேட்டால் வந்த வழியும் பங்காளிகள் யார் என்பதும் தானாக வெளியே வரும்.

அய்யனாருக்குச் சுடுமண் குதிரை செய்து கோயிலுக்கு எடுத்துவந்து நிறுத்தும் புரவி எடுப்புக்கும் பிடிமண்தான் தொடக்கம். ஊர்க்காரர்கள் அதை முறைப்படி மண்பாண்டம் வனையும் வேளாரிடம் கொடுத்த பிறகே குதிரை வேலை ஆரம்பமாகும். பல ஊர்களில் குதிரை செய்யும் வேளாரே பூசாரியும். உடைந்து கிடந்த குதிரைக்கால் ஒன்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே வழவழப்பு; உள்ளே மண்ணை அழுத்திய விரல்தடம் வரிசை வரிசையாக, நடுநடுவே உமி எரிந்துபோன சிறு குழிகள். எந்தத் தலபுராணத்திலும் இந்த விரல்கள் இல்லை.

சிதைந்த குதிரைகளை ஒட்டவைக்கும் வழக்கம் கிடையாது. எடுப்பு முடிந்தால் அவை மண்ணோடு மண்ணாகலாம், அடுத்த முறை பக்கத்தில் புதிது வந்து நிற்கும். அந்த வரிசைதான் ஊரின் ஏடு. திருப்பணி என்று ஜேசிபியை விட்டு அதை ஒரே காலையில் நிரவிவிடுகிறார்கள். நெஞ்சு பதறுகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 வருடம் கடந்த பொருளைத்தான் தொல்பொருளாகக் கணக்கில் எடுக்கும். வெயிலிலும் மழையிலும் நிற்கிற சுடுமண் அதுவரை தாங்குவது அபூர்வம்.

சிமெண்டுக் குதிரை வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரை சுடுமண்ணால் ஆனதல்ல. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் அதை மூடிவிடும். வழிபாடு அங்கே உயிரோடு இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: இடிக்கும் முன் பழையவற்றை நிற்கிற இடத்திலேயே படம் எடுங்கள், செய்தவர் யார், எந்த வருடம் என்று எழுதிவையுங்கள்.

ஒரு ஊரில் அப்படி எழுதியபோது வேளார் வீட்டு அம்மா வரிசையோடு கூடவே நடந்து வந்தார். ஏழாவது குதிரையின் காதைத் தடவிப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது எங்க மாமனார் கை, சார்."