வெயில் கேட்காத பயிர்

ஹால் சன்னலோரம் தக்காளி நட்டவர்கள் பலருக்கும் ஒரே கதைதான். விதை முளைக்கிறது, நாலு இலை வரை நன்றாகவே வருகிறது, அப்புறம் தண்டு மட்டும் நீண்டுகொண்டே போய் ஒரு பக்கமாகச் சாய்கிறது. தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெரும்பாலும் போதாதது வெளிச்சம். உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். அதே நேரத்தில் அறைக்குள் சன்னலுக்குச் சற்றுத் தள்ளி அளந்தால் ஆயிரம், இரண்டாயிரம் தேறினாலே பெரிது. டியூப் லைட்டின் கீழே சில நூறுதான். கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. இரண்டு இடமும் 'நல்ல வெளிச்சமாக'த்தான் படுகிறது. இலைக்கு அந்த வசதி கிடையாது. மேலே விழும் ஒளிக்கு ஏற்ற அளவுதான் அதனால் சர்க்கரை தயாரிக்க முடியும்.

எல்.இ.டி. விளக்கு போட்டு வளர்க்கலாமே என்றால், வளர்க்கலாம். கீரைக்கு ஓரளவு கட்டுப்படியாகும். பூத்துக் காய்க்க வேண்டிய தக்காளிக்கும் கத்தரிக்கும் கரண்ட் பில்லைப் பார்த்த பிறகு மார்க்கெட்டுக்குப் போவதே மேல் என்று தோன்றிவிடும். அதனால் தோட்டமோ மாடியோ இல்லாதவர்கள் வெயிலோடு மல்லுக்கட்டாமல், வெயிலே கேட்காத பயிரைத் தேடுவது நல்லது என்பது என் கட்சி.

அப்படி ஒன்று நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது: முளைகட்டிய பயறு. பருப்பிலைகளில் உள்ள மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைத்துத்தான் முளை நீள்கிறது, வெளிச்சம் தேவையில்லை. அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரி வெளிர்மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சையத்தைச் செய்துமுடிக்கும் கடைசி வேதிப்படி ஒன்றுக்குப் பூக்கும் தாவரங்களில் ஒளி கட்டாயம். அது கிடைக்காததால் நிறம் மஞ்சளோடு நின்றுவிடுகிறது. ஆனால் முளையில் புதிதாக மாவுச்சத்து எதுவும் சேர்வதில்லை. வைட்டமின் சி கூடும், செரிமானம் எளிதாகும், அவ்வளவுதான். விதையில் இருந்ததைத்தான் உருமாற்றிச் சாப்பிடுகிறோம்.

நம்மால் சாப்பிட முடியாத ஒன்றை, வெயில் படாத அறையிலேயே, சாப்பாடாக மாற்றித் தருவது காளான். அதிலும் வீட்டுக்கு ஏற்றது சிப்பிக் காளான்.

காளான் தாவரம் இல்லை. அதற்குப் பச்சையமும் இல்லை, வேரும் இல்லை. நாம் குடையாகப் பார்ப்பது இனப்பெருக்கத்துக்கான உறுப்பு மட்டும். உண்மையான உடல், வைக்கோலுக்குள்ளோ மரத்துக்குள்ளோ ஓடும் மெல்லிய பூசண இழைகள். நாம் விழுங்கிவிட்டுச் செரிக்கிறோம். இது செரித்துவிட்டு உறிஞ்சுகிறது. இழையின் நுனி நொதிகளை வெளியே சுரக்கிறது, அவை வைக்கோலைச் சுற்றி இருக்கும் ஈரத்தில் கரைக்கின்றன, கரைந்து வரும் சர்க்கரையை இழை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

வைக்கோலில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை, செல்லுலோஸ் வடிவில் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி லிக்னின் என்ற கெட்டியான பொருள் இறுகக் கட்டியிருக்கிறது. மரத்துக்கு உறுதி தருவதே இந்த லிக்னின்தான். பெரும்பாலான நுண்ணுயிர்களின் பல் இதில் பதியாது. சிப்பிக் காளான் லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளால் லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்து உடைத்துவிடுகிறது. காட்டில் பட்ட மரம் உள்ளே வெளுத்து, நார்நாராகப் பிரிவதும் இந்த வகைக் காளான்களின் வேலைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரத்திலும் வைக்கோலிலும் நைட்ரஜன் மிகக் குறைவு. அது இல்லாமல் புரதம் கட்ட முடியாது. இதற்குச் சிப்பிக் காளான் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் சைவக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களை வேட்டையாடுகின்றன. இது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. எப்படிக் கொல்கிறது என்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். இழைகளின் மேல் காம்பும் உருண்டைத் தலையுமாக மிகச்சிறு முடிச்சுகள் இருக்கின்றன. புழு உரசியதும் அவை உடைந்து 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் பொருள் வெளிப்படுகிறது. புழு சில நிமிடங்களில் செயலிழக்க, இழைகள் அதற்குள் புகுந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் காளான் வளர்க்க நாம் வேகவைத்துப் பயன்படுத்தும் வைக்கோலில் இந்த வேட்டைக்கு வாய்ப்பு அநேகமாக இல்லை, கவலைப்பட வேண்டாம்.

சரி, வைக்கோலை ஏன் வேகவைக்க வேண்டும்? காளான் மெதுவாக வளர்வது. வேகவைக்காத வைக்கோலில் ஏற்கெனவே குடியிருக்கும் பூஞ்சைகள், குறிப்பாகப் பச்சைப் பூசணமான டிரைக்கோடெர்மா, அதைவிட வேகம். அதனால் வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 4 மணி நேரம் போல ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவிட்டுப் போட்டியாளர்களை அடக்கிவிட வேண்டும். பிறகு வடித்து, நிழலில் ஆறவிட வேண்டும். ஈரம் 65 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். அதை அறிய மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்; சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைந்திருக்க வேண்டும். சொட்டினால் அடியில் தண்ணீர் தேங்கி, காற்றில்லாமல் பாக்டீரியா பெருகி, வைக்கோல் அடைத்த பை நாற்றமெடுத்துவிடும். வீட்டில் கெட்டுப்போகும் பைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் கெடுகின்றன என்பது என் கணிப்பு.

இரண்டடி நீளப் பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன் மேல் ஓரமாகக் காளான் வித்து, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு போட்டு அழுத்திக் கட்டி, சில துளைகள் இட்டால் படுக்கை தயார். வித்து என்பது விதை இல்லை. வேகவைத்த சோளத்தில் இழைகளை ஓடவிட்டது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கிடைக்கும். 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் ஒவ்வொரு சோள மணியிலிருந்தும் வெள்ளை வட்டம் விரிந்து, 15 முதல் 20 நாளில் பை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

அதுவரை இழைகள் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த காற்றிலும் தாராளமாக வளரும். மரத்துக்குள் வாழ்ந்து பழகிய உயிர்தானே. ஆனால் குடை விரிவது இனப்பெருக்கத்துக்கான நுண்தூளை (ஸ்போர்) தூவுவதற்காக. அதற்கு வெளிக்காற்று வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குறைவது, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பது, கொஞ்சம் மங்கலான வெளிச்சம் படுவது, இந்த மூன்றையும் வைத்துத்தான் வெளியே வந்துவிட்டோம் என்று காளான் அறிந்துகொள்கிறது. இங்கே வெளிச்சம் சாப்பாடு கிடையாது, தகவல் மட்டுமே. புத்தகம் படிக்கும் அளவு இருந்தால் போதும். பையைக் கிழித்து, நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் தெளித்து வந்தால் சில நாளில் குண்டூசித் தலை போல மொட்டுகள் தெரியும், அடுத்த மூன்று நாளில் அறுவடை. காம்பு நீண்டு குடை சிறுத்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். ஓரம் மேலே சுருளத் தொடங்கினால் அந்த ஸ்போர் தூள் கொட்டும். அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் காளான் பண்ணைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவ உலகம் அறிந்தது. ஆஸ்துமாக்காரர் வீட்டில் வேண்டாம். மற்றவர்களும் படுக்கையறையில் வைக்க வேண்டாம்.

சென்னை, மதுரை மே மாதத்துக்குச் சிப்பிக் காளான் தாங்காது. அந்தச் சூட்டில் வளர்வது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். அதற்குப் படுக்கை மேல் மண் போர்த்த வேண்டும் என்பதால் வேலை கொஞ்சம் கூடுதல்.

ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காளான் கிடைப்பதாகச் சொல்வது மாயாஜாலம் போல இருக்கும். காளானில் 90 சதவீதம் தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள். 'கறிக்கு நிகரான புரதம்' என்ற விளம்பரமும் அப்படித்தான், காய்ந்த எடையில் கணக்குப் பார்த்துச் சொல்வது. நாம் சமைக்கும் 100 கிராம் பச்சைக் காளானில் புரதம் சுமார் 3 கிராம். ஒரு காய்க்கு அது நல்ல அளவு, கோழிக்குப் பக்கத்தில் நிற்காது.

மூன்று அறுவடைக்குப் பிறகு படுக்கை கனம் குறைந்து பழுப்பேறிவிடும். லிக்னினும் செல்லுலோஸும் குறைந்ததால் மட்கும் தன்மை கூடியிருக்கும், மண்புழு உரத்துக்கு நன்றாகவே ஆகும். இன்னொரு அறுவடை வருமென்று அதை மூலையில் வைத்திருந்தால் வருவது காளான் ஈக்கள்தான். பக்கத்தில் இருக்கும் புதுப் படுக்கையிலும் முட்டையிட்டுவிடும் என்பதால் பழையதை உடனே வெளியேற்றிவிடுங்கள்.