ஒஸ்டல்கீ: எழுத்துப்பிழை இல்லீங்க

பெர்லின் போயிட்டு வர்றவங்க போடுற போட்டோல ஒரு ஐட்டம் கண்டிப்பா இருக்கும், வெளிர் நீலம், மஞ்சள், வரிக்குதிரை கோடுன்னு பெயின்ட் அடிச்ச குட்டி குட்டி கார்கள் வரிசையா புகை விட்டுட்டு போகும், உள்ள நம்மாளு ஸ்டீரிங்க புடிச்சுட்டு சிரிச்சுட்டு இருப்பாரு. போன வாரம் ஒரு ஃப்ரெண்டு அப்படி ஒரு படத்தைக் காட்டி, "இதுக்கு ஒஸ்டல்கீ டூர்னு போட்டிருக்காங்களே, நாஸ்டால்ஜியாவத்தான் தப்பா அடிச்சுட்டாங்களா?"ன்னு கேட்டாரு. தப்பு இல்ல, தப்பு மாதிரி தெரியணும்னே செஞ்ச சொல் அது.

ஜெர்மன்ல நாஸ்டால்ஜியாவ நொஸ்டல்கீன்னு சொல்வாங்க. ஒஸ்ட்னா கிழக்கு. நொஸ்டல்கீல முதல் எழுத்தை மட்டும் தூக்கிட்டா ஒஸ்டல்கீ, கிழக்கு தானா வந்து உக்காந்துடும், அதாவது இப்ப இல்லாத கிழக்கு ஜெர்மனி மேல வர்ற ஏக்கம். தமிழ்ல எழுதிப் பாத்தா இந்த வித்தை இன்னும் பளிச்சுனு தெரியும், "நொ"வுல இருக்குற "ந்" மெய்ய உருவிட்டா மிச்சம் நிக்கிறது "ஒ" உயிர், அவ்ளோதான். 1990கள் ஆரம்பத்துல டிரெஸ்டன் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஊவே ஸ்டைம்லே உருவாக்குன சொல்னு பொதுவா சொல்வாங்க, காமெடியா பொறந்தது அப்புறம் அகராதிக்குள்ள போயிடுச்சு.

தாய்ச்சொல் நாஸ்டால்ஜியா மட்டும் ஏதோ கவிஞர் எழுதுனதுன்னு நெனைக்காதீங்க, அது வியாதிப் பேரு. 1688ல சுவிட்சர்லாந்து பாசெல் நகரத்துல யோஹானஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுல வெச்ச பேரு, கிரேக்கத்துல நோஸ்டோஸ்னா வீடு திரும்புறது, அல்கோஸ்னா வலி. சொந்த ஊரை விட்டு வந்தவங்க ஊர் நெனப்புலயே உடம்பு இளைச்சு படுத்துக்குறதத்தான் அவரு நோய்னு எழுதுனாரு. ஊருக்கு அனுப்பி வெச்சா சரியாயிடும்ங்குறதுதான் வைத்தியம்.

ஒஸ்டல்கீல சிக்கலே இங்கதான், திரும்பிப் போக ஊரு இல்ல. கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட கிழக்கு ஜெர்மனிங்குற நாடு 1949 அக்டோபர் 7ல பொறந்து, 1990 அக்டோபர் 3ல மேற்கு ஜெர்மனியோட சேந்து முடிஞ்சு போச்சு. அங்க இருந்த ஒருத்தர் வீட்டை மாத்தல, தெருவ மாத்தல, ஆனா அவரச் சுத்தி நாடு மாறிடுச்சு, கடைக்குப் போனா பழகுன ஊறுகா பாட்டில் இல்ல, கோலா இல்ல, பாத்த வேலை இல்ல. அதனால அந்த ஏக்கம் கம்யூனிசத்து மேலயா, கட்சி மேலயான்னு கேட்டா பெரும்பாலும் இல்ல, சாமான் மேலதான். ரோடு கடக்குறவங்களுக்கான சிக்னல்ல தொப்பி போட்ட கிழக்கு ஜெர்மனி பொம்மை இருக்கே, 1961ல கார்ல் பெக்லாவ் வடிவமைச்சது, அதை எடுத்துட்டு மேற்குப் பொம்மைய வைக்கப் போனப்ப ஜனங்க விடலையே. ஆனா இதே சொல்லை திட்டுறதுக்கும் யூஸ் பண்றாங்க, 1961லேர்ந்து 1989 வரைக்கும் பெர்லின் சுவர்கிட்ட மட்டும் குறைஞ்சது 140 பேர் செத்திருக்காங்க, ஸ்டாசிங்குற ரகசிய போலீஸோட உளவாளிங்க பக்கத்து வீட்லயே இருந்தாங்க, இதெல்லாம் மறந்துட்டு ஊறுகாய்க்கு ஏங்குறீங்களான்னு கேக்குறவங்களுக்கும் நியாயம் இருக்கு.

சரி, காருக்கு வருவோம். அது டிராபன்ட், செல்லமா டிராபி. கிழக்கு ஜெர்மனி கார், ஸ்விக்காவ் நகரத்துல 1957ல ஆரம்பிச்சு 1991 வரைக்கும் 30 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. டிராபன்ட்னா பழைய ஜெர்மன்ல கூடவே நடந்து வர்ற மெய்க்காவல் வீரன், அப்புறம் கிரகத்துக்கு கூடவே சுத்துற கோள். முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த வருஷத்துல வெச்ச பேராச்சே, அந்த ரஷ்யச் சொல்லுக்கும் கூடவே பயணம் பண்றவன்னுதான் அர்த்தம். நம்மாளுங்க துணைக்கோள்னு வெச்சாங்க பாருங்க, அந்த "துணை"ல மூணு மொழியும் ஒரே இடத்துல வந்து நிக்குது. இதுல மட்டும் தமிழாக்கத்துக்கு நான் வாய் திறக்க மாட்டேன், அருமை.

ஊர்க்காரங்க வெச்ச பட்டப்பேரு ரென்பாப்பே, அதாவது ரேஸ் அட்டை. உள்கூடு இரும்புதான், ஆனா வெளிய தெரியுற பாடித் தகடு பெரும்பாலும் இரும்பு கிடையாது, பஞ்சுக் கழிவோட பிசின் சேத்து அழுத்துன டூரோபிளாஸ்ட். 26 குதிரைசக்தி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பழைய ஆட்டோ மாதிரி பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்தணும். டிராபில அதிகமா ஓடுன 601 மாடல்ல பெரும்பாலான வண்டிகள்ல பெட்ரோல் முள்ளு கூட இல்ல, பானட்ட தூக்குனா எஞ்சின் பக்கத்துலயே டேங்க், மூடியத் திறந்து ஒரு அளவுக்குச்சிய விட்டு எடுத்துப் பாக்கணும். டேஷ்போர்டுக்கு கீழ ஒரு குழாய்த் திருகு, மூடு, திற, ரிசர்வ், நம்ம பைக்ல இருக்குமே அதேதான். கியர் ஸ்டீரிங் பக்கத்துலயே கைத்தடி மாதிரி வளைஞ்சு நீட்டிட்டு இருக்கும், பழைய அம்பாசிடர் ஓட்டுனவங்களுக்கு கை தானா போயிடும். இதுக்கு புக் பண்ணிட்டு பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க ஜனங்க!

இப்ப டூர்ல என்ன நடக்குதுன்னா, முன்னாடி கார்ல கைடு, பின்னாடி நாமளே ஓட்டிட்டு போகணும், அவரு பேசுறது ரேடியோல கேக்கும். முன்னாடி ஸ்டாலின் பேர்ல இருந்த கார்ல் மார்க்ஸ் சாலை, 368 மீட்டர் டிவி கோபுரம், மிச்சமிருக்குற சுவர்த் துண்டுன்னு சுத்திக் காட்டுவாங்க, அந்தச் சுவர்லயே ஒரு டிராபி சுவரை உடைச்சுட்டு வெளிய வர்ற மாதிரி படம் இருக்கு, நம்பர் பிளேட்ல சுவர் திறந்த தேதி, 89 நவம்பர் 9.

இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன சொல்றது? நாஸ்டால்ஜியாவுக்கு "மலரும் நினைவுகள்"னு பத்திரிகைல போடுவாங்க, எனக்கு ஒப்பல, அதுல பூ இருக்கு, வலி இல்ல. "நினைவேக்கம்" சரியா வரும், ஏக்கத்துல அந்த அல்கோஸ் இருக்கு. அப்ப ஒஸ்டல்கீ? கிழக்கு + ஏக்கம், கிழக்கேக்கம். அங்க ஒரு "ந்" விழுந்துச்சு, இங்க கிழக்குல இருக்குற "உ" விழுது, கணக்கு சரியாப் போச்சு. "கீழையேக்கம்"னு போட்டுடாதீங்க, கீழை நாடுன்னாலே நம்மாளுக்கு சீனா, ஜப்பான்தான் ஞாபகம் வரும். முதல் தடவ எழுதும்போது "கிழக்கு ஜெர்மனி ஏக்கம்"னு விரிச்சு சொல்லிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம்.

ஆனா டூருக்கு இந்தச் சொல்லை ஒட்டக் கூடாதுங்குறது என் கட்சி. அங்க பொறக்காத, காத்திருக்காத ஒரு டூரிஸ்டுக்கு ஏது ஏக்கம், அவருக்கு அது ஜாலி. விண்டேஜ் கார்ங்குறதும் கறாரா பாத்தா 1919லேர்ந்து 1930 வரைக்கும் வந்த வண்டிக்குத்தான், டிராபி அதுல சேராது, "பழங்கார் சவாரி" போதும். சஃபாரின்னும் விளம்பரம் பண்றாங்க, அது அரபு சஃபர்லேர்ந்து ஸ்வாஹிலி வழியா வந்தது, நம்ம கடலோர முஸ்லிம் ஊர்கள்ல வெளிநாடு போய் சம்பாதிக்கிறவர சபராளின்னு சொல்றாங்களே அதே வேர். சவாரி வேற, அது பாரசீகம்.

இன்னொண்ணு, போலந்துல கிராக்கோவ் பக்கம் நோவா ஹூட்டாங்குற கம்யூனிஸ்ட் கால எஃகு நகரத்தையும் டிராபிலயே சுத்திக் காட்டுறாங்க. அங்க போய் இதை கிழக்கேக்கம்னு எழுதுனா தப்பாயிடும், போலிஷ்காரங்களுக்கு டிராபி வெளியூர் வண்டி. அவங்க ஏங்குறதா இருந்தா போல்ஸ்கி ஃபியட் 126க்குத்தான் ஏங்கணும், அதை அவங்க மாலுஹ்னு கூப்பிடுவாங்க, பொடிப்பயன்னு வெச்சுக்கலாம்.